கொழும்பில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை வன்னிக்குக் கொண்டுவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசுவமடுப் பக்கம் ஒரு கிறவல் ஒழுங்கையின் முடிவில் எங்கள் வீடு. அங்கே ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 நிற்கிறது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போகிறவர்களுக்கு அது தெரியாது. ஒழுங்கைக்குள் இருக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும், சத்தம் அப்படி. நீர்கொழும்புப் பக்கம் வாங்கி அதை இங்கே கொண்டுவந்து சேர்த்த கதையை ஒருவருக்குச் சொல்லப்போய், அவர் இன்னொருவருக்கு என் நம்பரைக் கொடுக்க, இப்போது மாதத்தில் இரண்டு மூன்று பேராவது அழைக்கிறார்கள். பிறகு வவுனியாவுக்கு ஒரு மஸ்டா ரோட்ஸ்டரும் மல்லாவிக்கு ஒரு ஹொண்டா எஸ்660உம் வந்தபோது நானும் கூடப் போனேன். கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ஃபோனில் சொல்லிக் களைத்துவிட்டேன், ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஓட்டிக்கொண்டு வருவதா, கரியரில் (கார் ஏற்றுகிற லொறியில்) ஏற்றுவதா?

எல்லோரும் கொழும்பிலிருந்து கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். நான் வீட்டுப் படலையிலிருந்து பின்னோக்கிப் போடச் சொல்வேன். கொழும்பிலிருந்து கிளிநொச்சி வரை முழுவதும் நல்ல கார்ப்பெட் வீதி. தரையோடு ஒட்டி ஓடுகிற கார்கூட அதில் கஷ்டப்படாது. ஏ9 கண்டி – யாழ்ப்பாணம் வீதியிலிருந்தோ ஏ35 பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்தோ இறங்கி வீட்டுக்குப் போகிற கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் காரைத் தின்னும். அந்தத் துண்டில் கரியர் உள்ளே வருமா, வந்தால் திரும்பிப் போகுமா, வராவிட்டால் கார் தன் காலில் ஓடிப் போகுமா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காரின் நிலை தெரிந்திருந்தால், ரயர் நன்றாக இருந்தால், உங்களுக்கும் அந்த மாதிரிக் கார் பழக்கம் என்றால் ஓட்டி வரலாம். எஸ்660ஐ அப்படித்தான் மல்லாவிக்குக் கொண்டுவந்தோம், ஒரு பிரச்சினையும் இல்லை. நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்த கார், எஞ்சினைப் பற்றிச் சந்தேகம் உள்ள கார், மிகவும் தாழ்த்திக் கட்டிய கார் என்றால் கரியர். கரியர் காசு ஒரு வீண் செலவு என்று நினைப்பவர்கள், மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் நடுப்பகலில் எஞ்சின் கொதித்து நின்றால் அங்கிருந்து ஒரு கரியரைத் தேடிப் பிடிக்க என்ன செலவாகும் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

எவ்வளவு தூரம்? எந்தப் பாதை?

புத்தளம் வழியாக ஏறத்தாழ 340 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து புத்தளம் 130, அங்கிருந்து அனுராதபுரம் 75, பிறகு மதவாச்சி ஊடாக வவுனியா 55, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி 80. எல்லாம் அண்ணளவுதான். சாப்பாடு, தேநீர் எல்லாம் சேர்த்து எட்டு மணித்தியாலம் வையுங்கள். விடிய நாலு மணிக்குப் புறப்பட்டுக் கட்டுநாயக்க அதிவேக வீதியால் ஏறினால் நீர்கொழும்பு, சிலாபம் நெரிசல் தொடங்க முன்னரே தாண்டிவிடலாம். மத்தியானம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி.

மற்றப் பாதை குருநாகல் பக்கம். மீரிகமயிலிருந்து குருநாகல் வரையான அதிவேக வீதி 2022 ஜனவரியில் திறந்த பிறகு அதைப் பலர் விரும்புகிறார்கள். பாதெனியவில் திரும்பி கல்கமுவ, தம்புத்தேகம வழியாக அனுராதபுரம் வரலாம். எனக்குப் புத்தளம் பாதைதான் பிடிக்கும். வளைவு குறைவு, புதுக் காரின் சத்தங்களைக் கேட்டுப் பழக நேரம் கிடைக்கும்.

வாங்கிய அன்றே புறப்படலாமா?

வேண்டாம். ஆசை விடாது, தெரியும். நானும் அன்றைக்கே புறப்பட வேண்டும் என்று நின்றவன்தான். ஆனால் ஒரு நாள் கொழும்பில் தங்கி, ஒரு ஐம்பது கிலோமீற்றர் ஓடி, திரும்ப வந்து பொனற்றைத் திறந்து பாருங்கள். ஓடும்போது வெப்பமானி எங்கே நிற்கிறது, நிறுத்தி வைத்த இடத்தில் ஒயிலோ தண்ணீரோ சொட்டியிருக்கிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் அந்த ஐம்பது கிலோமீற்றரில் தெரிந்துவிடும்.

ரயரை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாக ஓடுகிறவை என்பதால் பூ தேயாமல் நிறைய இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் ஆண்டு. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. அப்படிப்பட்ட ரயரை உச்சி வெயிலில் ஏ9 இல் ஓடவிடுவதை விட இரண்டு புது ரயர் வாங்கலாம். இன்னொன்று: இந்தக் கார்களில் பலவற்றுக்கு உதிரிச் சக்கரமே கிடையாது. ஒரு பசைப் போத்தலும் காற்றடிக்கிற சின்னப் பம்பும்தான் கொடுத்திருப்பார்கள். அந்தப் போத்தலுக்கும் காலாவதித் திகதி உண்டு. என் காரில் இருந்தது கல்லாகிப் போயிருந்தது.

என்ன பத்திரங்கள் கையில் இருக்க வேண்டும்?

பதிவுப் புத்தகம், வருடாந்த வரிப்பத்திரம், காப்புறுதி, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. புத்தகம் இன்னும் விற்றவரின் பெயரில் இருக்கும்போது வழியில் மறிப்பார்கள், குறிப்பாக இப்படியான காரை. அப்போது இரண்டு பேரும் கையெழுத்து வைத்த விற்பனைக் கடிதமும், விற்றவரின் அடையாள அட்டைப் பிரதியும், அவர் எடுத்துப் பேசக்கூடிய ஃபோன் நம்பரும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். விற்றவருக்கும் முதலே சொல்லி வையுங்கள், தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடப் போகிறார்.

‘ஓப்பின் பேப்பர்’ கார் மலிவாக வரும். முன்னைய உரிமையாளர் வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார், அது நாலு கை மாறி வந்திருக்கும். நான் தொடமாட்டேன். வாங்கினால் 14 நாளுக்குள் உரிமை மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். வன்னிக்கு வந்துவிட்டால் அந்த 14 நாள் எப்படிப் போகிறது என்று தெரியாது. ஆகவே விற்றவரையும் கூட்டிக்கொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய், கொழும்பில் நிற்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

காசு கொடுக்க முன்னர் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ்-8 வாங்குகிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அதன் ரோட்டரி எஞ்சின் பழுதாகி, கழற்றி எறிந்துவிட்டு வேறு எஞ்சின் வைத்து ஓடுகிற கார்கள் இருக்கின்றன. புத்தகத்தில் மாற்றியிருந்தால் சரி, மாற்றாவிட்டால் தலையிடி உங்களுக்குத்தான். நிதி நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் கடன் தீர்த்த கடிதம் இல்லாமல் நகர வேண்டாம்.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டதே, புதிதாகவே எடுக்கலாமே?

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியது உண்மை. ஆனால் பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு 2012இலேயே முடிந்தது, எஸ்660 2022 மார்ச்சில். ஆகவே இந்த இரண்டிலும் நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவைதான் மிச்சம். ரோட்ஸ்டர் இன்னும் செய்கிறார்கள். வரியோடு சேர்த்து விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள், பேசுவோம்.

விற்றவரின் காப்புறுதி இன்னும் நாலு மாதம் இருக்கிறது. போதாதா?

அது அவருடைய பெயரில் உள்ள ஒப்பந்தம். கார் கைமாறின பிறகு ஏதும் நடந்தால் நிறுவனம் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். புறப்பட முன்னர் உங்கள் பெயரில் எடுங்கள். தற்காலிகப் பத்திரம் அன்றைக்கே தருவார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டத்துக்குப் போதும், ஆனால் உங்கள் காருக்கு ஒரு சதமும் தராது. கரியரில் ஏற்றினாலும் இதே கேள்வி உண்டு: ஏற்றும்போது, கொண்டுபோகும்போது, இறக்கும்போது காருக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு யார்? ‘பயப்பட வேண்டாம் மாத்தயா’ என்பது பதில் இல்லை. எழுத்தில் வாங்குங்கள்.

கரியர் பிடிக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தட்டு முழுவதும் பின்னுக்குச் சரிந்து தரையைத் தொடுகிற வகையா என்பது முதல் கேள்வி. முன் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வகை வேண்டவே வேண்டாம். பின் சக்கரத்தில் ஓடுகிற காரை அப்படி 340 கிலோமீற்றர் இழுத்தால் கியர்பெட்டி வீட்டுக்கு வராது. சரிகிற தட்டிலும் சரிவு கூடியதாகத்தான் இருக்கும். என் காரின் முன் பம்பர் அடிப்பக்கம் அப்படித்தான் உரசிப் போனது. சாரதி நல்ல மனிதர், வேனும் லொறியும் ஏற்றிப் பழகியவர். ‘போகும், போகும்’ என்றார். போனது, பெயின்ரையும் கொண்டுபோனது. ரோட்ஸ்டர் வந்தபோது மூன்றடி நீளப் பலகை நாலு துண்டு கொண்டுபோனோம். சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பலகையை அடுக்கி வைத்தால் சரிவு குறையும், மூக்கு உரசாது. பலகை நாலையும் திரும்பக் கொண்டுவர மறக்க வேண்டாம், இறக்கும்போதும் தேவை.

கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சங்கிலியை எடுத்துக் காரின் அடியில் எங்கேயாவது கொளுவி இறுக்குவார்கள். சஸ்பென்ஷன் கை, ஒயில் குழாய் எதுவென்று பார்ப்பதில்லை. சக்கரத்துக்கு மேலால் பட்டி போட்டுத் தட்டோடு கட்டச் சொல்லுங்கள். சக்கரம் அசையாது, உடம்பு தன் ஸ்பிறிங்கில் ஆடிக்கொண்டு வரும். உடம்பையே இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டி இளகும், திரும்ப இறுக்குவார்கள், திரும்ப இளகும். விஞ்ச்சால் இழுக்க ஒரு இழுவைக் கொளுக்கி வேண்டும். இந்தக் கார்களில் அது தனியாக இருக்கும், பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றித் திருகிப் பூட்ட வேண்டும். பெரும்பாலும் ஜாக் இருக்கிற இடத்தில் கிடக்கும். அது இல்லாத காரை வாங்கினால் முதலில் அதைத் தேடி வாங்குங்கள்.

ஏற்ற முன்னர் நாலு பக்கமும், கூரையும், ரிம்மும், ஓடோமீற்றரும் ஃபோனில் படம் எடுத்து சாரதிக்கு முன்னாலேயே காட்டுங்கள். அவருக்கும் அது பாதுகாப்புத்தான். பெற்றோல் கால் தாங்கி போதும். அலாரத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் சிலாபம் தொட்டுக் கத்திக்கொண்டு வந்து வவுனியாவில் பற்றறி செத்திருக்கும். துணிக்கூரைக் கார் என்றால் கொளுக்கிகள் பூட்டியிருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பாருங்கள். மூக்கு முன்பக்கம் பார்த்தபடி ஏற்றுங்கள், பின்னாலிருந்து வரும் காற்று துணிக்கூரைக்கு ஆகாது.

விலை பேசும்போது ஒன்று: கரியர் வெறுமையாகத் திரும்பிப் போகிற தூரத்தையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கமிருந்து கொழும்புக்கு ஒரு வாகனம் கொண்டுபோய்விட்டு வெறுமையாக வருகிற கரியரைப் பிடித்தால் குறைத்துத் தருவார்கள். இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் லொறி ஒன்று நெல்லு இறக்கிவிட்டு வெறுமையாக வருகிறது. அதில் ஏற்றினால் என்ன?

எப்படி ஏற்றுவீர்கள்? எப்படி இறக்குவீர்கள்? லொறித் தட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும். கொழும்பில் களஞ்சியங்களில் லொறிக்குச் சமமாக உயர்ந்த மேடை இருக்கும், அதனால் ஏற்றிவிடலாம். இங்கே இறக்க அரிசி ஆலை மேடையைத் தேட வேண்டும், அந்த மேடையிலிருந்து தரைக்கு வர இன்னொரு சரிவு வேண்டும். மண் குவித்து இறக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். கார் வயிறு மண்ணில் குந்த, ஆறு பேர் தூக்கினார்கள். வேண்டாம்.

ஆர்எக்ஸ்-8 க்கு மட்டும் ஏதோ விசேஷம் என்கிறார்களே?

இதை நிதானமாக வாசியுங்கள், நான் பட்டு அறிந்தது.

ஆர்எக்ஸ்-8 இல் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு சுற்றும், 1.3 லீற்றர். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கும். எஞ்சின் சூடாகும் வரை ஓடினால் அது எரிந்துவிடும். ஒரு நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தினால் எரியாத பெற்றோல் உள்ளேயே தங்கி, பிளக்கை நனைத்து, அடுத்த முறை ஸ்டார்ட் வராது. ‘பெற்றோல் குடித்துவிட்டது’ என்று எங்கள் மெக்கானிக்குகள் சொல்வார்கள். இப்போது கரியரை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த காரை ஸ்டார்ட் பண்ணி, பத்து அடி ஏற்றி, நிறுத்துவது. எட்டு மணித்தியாலம் கழித்து ஸ்டார்ட் பண்ணி, பத்து அடி இறக்கி, நிறுத்துவது. இந்த எஞ்சினுக்கு இதை விடக் கெட்ட பழக்கம் கிடையாது.

கரியர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது என்று சாரதி சொல்லிவிட்டார். பிரதான வீதியிலேயே இறக்கினார். நான் ஸ்டார்ட் பண்ணி இருபது அடி தள்ளி ஒரு வேம்பின் நிழலில் விட்டு, அணைத்துவிட்டு, காசு எண்ணிக் கொடுக்கப் போனேன். கரியர் போய்விட்டது. திரும்ப வந்து சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பற்றறியும் படுத்துவிட்டது. சனம் கூடிவிட்டது. கடைசியில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லான்ட்மாஸ்டரை (இரண்டு சக்கரக் கை ட்ராக்டரை) மறித்துக் கயிறு கட்டி, ஒன்றரைக் கிலோமீற்றர் ஒழுங்கையை முக்கால் மணித்தியாலத்தில் கடந்து வீட்டுக்கு வந்தோம். எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதி கல்லுப்போல இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றில் ஸ்டார்ட் பண்ணாமல் விஞ்ச்சாலேயே ஏற்றி, தள்ளியே இறக்கியிருக்க வேண்டும். அல்லது ஸ்டார்ட் பண்ணினால் வெப்பமானி நடுவுக்கு வரும் வரை ஓடவிட்டிருக்க வேண்டும். அவசரம் என்றால் 3000 சுற்றில் பத்து விநாடி வைத்திருந்துவிட்டு அணைப்பார்கள், அது ரோட்டரிக்காரர்களின் பழக்கம். குடித்துவிட்டால் அக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த நிலையில் பெற்றோல் தெளிப்பு நிற்கும், உள்ளே இருப்பது வெளியேறும். அதற்கும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். பற்றறியில் பலம் வேண்டும் என்பதால் ஒரு ஜம்பர் வயர் காரிலேயே கிடக்கட்டும்.

ஒயிலும் குடிக்கும். அது பழுது இல்லை. ரோட்டரின் முனைகள் தேயாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. நீண்ட பயணத்தில் பெற்றோல் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், ஒரு லீற்றர் ஒயில் கையில் இருக்கட்டும்.

பெற்றோல்?

ஒக்டேன் 95 அடியுங்கள். கொழும்பிலும் புத்தளம் வரையும் பிரச்சினை இல்லை. வடக்கே வர வர எல்லா பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது. அனுராதபுரத்தில் தாங்கியை நிரப்பிக்கொண்டால் வீடு வரை கவலை இல்லை. என் கார் ஏ9 இல் ஒழுங்காக ஓடினால் லீற்றருக்கு ஏழு, எட்டுக் கிலோமீற்றர் தருகிறது. எஸ்660 அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடும், அது வெறும் 660 சீசீ.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இதே வன்னியில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் வெள்ளைப் புகை ஊரையே மூடும். 95 தான் வேண்டும் என்று நான் செட்டில் நின்று அடம்பிடித்ததைப் பார்த்து, கூட வந்த அப்பா சிரித்த சிரிப்புக்கு அதுதான் காரணம்.

எந்த மாதத்தில் கொண்டுவருவது நல்லது?

மாரி தொடங்க முன்னர். ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை எங்கள் பக்கம் ஒழுங்கையும் குளமும் ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் கலா ஓயா பெருகி, புத்தளம் – அனுராதபுரம் வீதியால் போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அப்படிப் பெரிய வெள்ளம் ஒவ்வொரு வருடமும் வராது. ஆனால் சாதாரண மாரியிலேயே தாழ்ந்த காருக்கு முழங்கால் தண்ணீர் என்பது மரணம். காற்றை இழுக்கிற வாய் கீழே இருக்கும், தண்ணீரைக் குடித்தால் எஞ்சின் முடிந்தது.

மார்ச் முதல் செப்டெம்பர் வரை எப்போதும் சரி. பெரும்போக அறுவடை நேரத்தில் மட்டும் ஒரு கவனம்: உள்வீதிகளில் தாரின் மேல் நெல்லுக் காயப் போட்டிருப்பார்கள். பாதி வீதி நெல்லு, ஓரத்தில் கல்லும் கட்டையும். அதற்கு மேலால் ஓட்டக் கூடாது, அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. அதோடு வைக்கோல் தூள் காரின் அடியில் சூடான புகைக்குழாயோடு ஒட்டினால் எரிந்த மணம் வரும்.

இரவில் ஓட்டினால் குளிர்ச்சி, நெரிசலும் இல்லை. இல்லையா?

குளிர்ச்சிதான். மாடுகளுக்கும் அது தெரியும். பகல் முழுக்க சூடேறின தாரில் இரவு வந்து படுத்திருக்கும், ஓமந்தை தாண்டினால் இது சாதாரணம். ஸ்போர்ட்ஸ் காரின் லைற் தாழ்வாக இருப்பதால் கறுத்த மாடு கிட்ட வரும்வரை தெரியாது. மாடு லொறியில் அடிபட்டால் பம்பர் நெளியும். தாழ்ந்த காரில் அடிபட்டால் கால் முறிந்து பொனற்றுக்கு மேலால் கண்ணாடிக்கு வரும். நொச்சியாகம பக்கத்திலும், கல்கமுவ பாதையிலும், மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியிலும் யானை. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பகலில் வாருங்கள்.

எவ்வளவு வேகத்தில் வரலாம்?

நகரத்துக்கு வெளியே 70, நகரத்துக்குள் 50, அதிவேக வீதியில் 100. ஆம், காருக்கு என்ன பெயர் இருந்தாலும் அதுதான். ஏ9 நேராக இருப்பதால் கால் தானாக இறங்கும், அதே நேர்வீதியில்தான் பொலிசாரும் வேகமானியோடு நிற்பார்கள். பெரிய சத்தம் போடுகிற புகைக்குழாய் பூட்டியிருந்தால் கொழும்பிலேயே கழற்றிப் பழையதைப் பூட்டிவிடுங்கள். மறிக்க ஒரு காரணத்தை நாமே கொடுக்க வேண்டாம்.

முறிகண்டியில் நிறுத்த வேண்டுமா?

இது என்ன கேள்வி. எந்த வாகனம் நிற்காமல் போகிறது? தேங்காய் உடையுங்கள், கச்சான் வாங்குங்கள். அப்படியே நாலு சக்கர நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல் வந்துவிட்டீர்கள். கச்சான் கோதை மட்டும் காருக்குள் உரிக்க வேண்டாம். என் காரின் சீற் தண்டவாளத்துக்குள் இன்னும் இருக்கிறது.

கடைசித் துண்டை எப்படிக் கடப்பது?

முதல் நாளே மோட்டார் சைக்கிளில் போய்ப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. காரின் மிகத் தாழ்ந்த இடத்தை அளந்து, அந்த உயரத்துக்கு ஒரு தடியை வெட்டிக் கொண்டுபோய், நடுவில் உயர்ந்திருக்கிற இடங்களில் வைத்துப் பாருங்கள். கிறவல் வீதியில் ட்ராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் முதுகு எழும்பியிருக்கும். கார் அந்த முதுகில்தான் குந்தும். ஒரு சக்கரத்தை முதுகிலும் மற்றதை ஓரத்திலும் வைத்து ஓட்டினால் தப்பலாம். எங்கள் ஒழுங்கையில் மூன்று இடத்தில் மண்வெட்டியால் முதுகைச் செதுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்தார்கள், அவர்களின் மோட்டார் சைக்கிளுக்கும் நல்லதுதானே.

மதகில் ஏறும்போதும் வேகத்தடையிலும் நேராகப் போகாமல் சரிவாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறுங்கள். ஏ9 இன் ஒரு பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ரயில் பாதையும் குறுக்கே வரும். கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு உயர்த்திப் போட்ட பாதை அது, சில கடவைகளில் இரண்டு பக்கமும் செங்குத்து. தண்டவாளத்தின் மேல் வயிறு குந்தி நின்றால் அது பம்பர் விஷயம் இல்லை. சந்தேகம் இருந்தால் காவலுள்ள பெரிய கடவையால் சுற்றிப் போங்கள்.

வீட்டுக்குப் போனதும் காற்று வடியைத் திறந்து தட்டுங்கள். சிவப்புத் தூள் எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தால் இனி மாதம் ஒருமுறை நீங்களே தட்டுவீர்கள்.

நிறுத்தி வைக்க என்ன ஏற்பாடு?

தென்னைக்குக் கீழ் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நெல்லு மூட்டை அடுக்கிற கொட்டிலுக்குள்ளும் வேண்டாம். நெல்லுக்கு எலி வரும், எலிக்கு வயர் பிடிக்கும். தனியாக ஒரு தகரக் கூரை, கீழே சீமெந்து இல்லாவிட்டாலும் சல்லி. அடுத்தது குரங்கு. பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து இன்னொரு குரங்கு என்று சண்டைக்கு வரும். பழைய காலுறையை இரண்டு கண்ணாடிக்கும் மாட்டிவிடுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் ஆர்எக்ஸ்-8 கண்ணாடி ஒன்றைத் தேடி நான் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

ஊரில் என்ன சொல்வார்கள்?

‘தம்பி, இதுக்குள்ள எத்தினை மூட்டை நெல்லு ஏத்தலாம்?’ இது முதல் கேள்வி. ‘இந்தக் காசுக்கு ரெண்டு பரப்பு மேட்டுக் காணி வாங்கியிருக்கலாம்’ இது இரண்டாவது. கோபப்பட வேண்டாம், இரண்டும் நியாயமான கேள்விதான். எஸ்660 மிகச் சின்னக் கார், அதை வாங்கினவரிடம் ‘மிச்சக் கார் எப்ப வரும்?’ என்று கேட்டார்கள். என் காருக்கு ஊரில் மஸ்டா என்றும் பெயரில்லை, ஆர்எக்ஸ்-8 என்றும் பெயரில்லை. ‘லான்ட்மாஸ்டர் இழுத்த கார்’ என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். இழுத்துத் தந்த அண்ணை இன்றைக்கும் வயலுக்குப் போகிற வழியில் படலையடியில் எஞ்சினைத் தணித்து, ‘என்ன, ஸ்டார்ட் வருதோ? கயிறு கிடக்கு’ என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.